பாட்டுக்கு நடுவில் ஒரு கெட்டிமேளம்

ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில், காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையை ஒரு கணக்கில்லாமல் ஆட்டிக்கொண்டு வயதான ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அது நான்தான். பக்கவாதமா என்று ஒருவர் டீக்கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறார். டீக்கடைக்காரர், "இல்லங்க, இங்கிலீஷ் பாட்டு" என்று சொல்ல, கேட்டவர் இன்னும் அதிகமாகப் பரிதாபப்பட்டுப் போனாராம்.

என்னிடம் தொழில் பழகி, இப்போது என் மைக்செட்டையும் எடுத்து நடத்துகிற கண்ணன்தான் இந்தக் கட்டுரையைக் கேட்டான். ஒலிபெருக்கி அமைப்பாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்காம். "பெரிய பெரிய தலைவருக்கெல்லாம் மைக் வச்சிருக்கீங்க, கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கீங்க, அதையெல்லாம் எழுதுங்கண்ணே" என்றான். எழுத உட்கார்ந்தால் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த ஒரே ஒரு நாள் கூத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

தொழில் படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ராஜபாளையத்தில் வெங்கடசாமி முதலாளியின் மைக்செட் கடையில் சேர்ந்தேன். வயர் சுற்றினேன், பெட்டி சுமந்தேன், வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டினேன். ஒரு தடவை குழாயை மரத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் கீழே வந்தேன். அதற்குப் பிறகு இவனுக்கு மரம் ஒத்துவராது, உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் சரி என்று முதலாளி என்னை ஆம்பிளிஃபயர் முன்னால் உட்கார வைத்தார். திறமையால் வந்த பதவி உயர்வு என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

முதலாளி ஒல்லியான ஆள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். வீட்டில் தெலுங்கு பேசுவார், கடையில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கடையிலும் தெலுங்கு வந்துவிடும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து உட்காருவார். மேடையில் மந்திரி பேசினாலும் சரி, நாட்டியம் ஆடினாலும் சரி, அவர் பார்வை என் விரல்மேலேயே இருக்கும். பேச்சாளர் சோடா குடிக்க நிறுத்தினால் மூச்சு விடுகிற நேரம் வரைக்கும்தான் பொறுப்பார். அதற்குமேல் போனால் தோள் துண்டு மேலே எழும்பும். அதற்குள் நான் பாட்டைப் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால், "ஏமிரா, சச்சிப்போயிந்தா?" என்பார். செட்டு செத்துப் போய்விட்டதா என்று அர்த்தம். நானா, செட்டா என்று சில நேரம் சந்தேகமாக இருக்கும்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். "மௌனம்னா யாராச்சும் அறிவிப்பாங்கடா. மௌன அஞ்சலின்னு சொல்லி எந்திரிச்சு நிப்பாங்க. அறிவிக்காத மௌனம் எல்லாம் ரிப்பேர்தான். ஜனங்க நம்மளத் திரும்பிப் பாக்கறதுக்கு முந்தி பாட்டு வந்திரணும்."

இதற்கான முறையும் அவர் வகுத்ததுதான். முதல் சேனலில் மேடை மைக். கடைசிச் சேனலில் எப்போதும் ஒரு பாட்டு தயாராக நிற்கும். வலது கைச் சுண்டுவிரல் அந்தச் சேனலின் குமிழைத் தொட்டபடியே இருக்க வேண்டும். சாப்பிடும்போதுகூட நான் சுண்டுவிரலை இலைக்கு வெளியே நீட்டிக்கொண்டு சாப்பிடுவதாக என் மனைவி சொல்வாள். முதலாளி காலமானபோது கடைத்தெருவில் கூட்டம் போட்டு ஒரு நிமிட மௌன அஞ்சலி அறிவித்தார்கள். செட்டு நான்தான். அந்த ஒரு நிமிடமும் எனக்குக் கண்ணீரைவிடச் சுண்டுவிரல்தான் பெரிய தொந்தரவாக இருந்தது.

பிறகு செட்டை நானே எடுத்து நடத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தோடு பேச்சாகிவிட்டது. மண்டபத்தை வாடகைக்கு எடுத்தால் சமையல் பாத்திரம், ஜமுக்காளம், நான் என மூன்றும் சேர்ந்து வரும். மேளம் வைக்க வசதியில்லாத வீட்டுக் கல்யாணங்களில் கெட்டிமேளமும் என் பொறுப்புதான். ஐயர் கையைத் தூக்கியதும் பென் டிரைவிலிருந்து நாதஸ்வரமும் தவிலும் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் அந்த மண்டபத்தில் கடைசிச் சேனலில் எப்போதும் கெட்டிமேளம்தான் தயாராக நிற்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், கிருஷ்ணன்கோவில் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பையன்கள் அந்த மண்டபத்தை ஒரு சாயங்காலத்துக்கு எடுத்தார்கள். இசைக் கச்சேரியாம். டிரம்ஸ் வாசிக்கிறவன் செல்வம், வத்திராயிருப்புக்காரன், கடைசி வருஷம் படிக்கிறான். கிடார் வாசிக்கிற ஜோயல் பெங்களூரில் ஒரு குழுவில் இருக்கிறவன், இதற்காகவே வந்திருந்தான். என்ன பாட்டு என்று கேட்டேன். "ப்ரோக்ரெசிவ் ராக், அண்ணே" என்றான் செல்வம். நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். தொழிலில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட இன்னொரு விஷயம் அது.

டிரம்ஸுக்கு மட்டும் ஏழெட்டு மைக் வேண்டும் என்றார்கள். என்னிடம் நாதஸ்வரத்துக்கு வைக்கிறது, தவிலுக்கு வைக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் நன்றி சொல்வது என்று கொஞ்சம்தான் இருந்தன. ஐயருக்கு வைக்கிற மைக்கைக் கழற்றிப் பெரிய டிரம்முக்குள் வைத்தேன். அந்த மைக் அதுவரை அப்படி உதை வாங்கியதே இல்லை.

செட்டு சரிபார்த்து முடித்ததும் செல்வம் என் பக்கத்தில் வந்து நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"எங்கப்பா வருதாருண்ணே. பட்டாளத்துல ஹவில்தாரா இருந்தவரு. என்னைய எஸ்.ஐ. செலக்‌ஷனுக்கு மதுரையில ஒரு கோச்சிங்ல சேத்துவிடணும்னு நிக்காரு. பெங்களூர்ல ஜோயல் குழுவுல எனக்கு எடம் இருக்கு. ஒரே ஒரு தடவ வந்து கேளுங்க, கேட்டுட்டு வேண்டாம்னா நான் மதுரைக்கே போறேன்னு சொல்லியிருக்கேன். சரின்னுட்டாரு."

"நல்லா வாசி, போதும்" என்றேன்.

"ஒரே பாட்டுதான்ணே. கொஞ்சம் பெருசு. என் வேலை எல்லாம் பின்பாதியிலதான் இருக்கு. நீங்க மட்டும் பாத்துக்கிடுங்க."

நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். நான் பார்த்துக்கொண்டதைத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

கூட்டம் பாதி மண்டபம் இருந்தது. மூன்றாவது வரிசையில் நரைத்த மீசையும் நிமிர்ந்த முதுகுமாக ஹவில்தார் உட்கார்ந்திருந்தார். பையன்கள் ஆரம்பித்தார்கள். ஒரு பந்தி உட்கார்ந்து எழுந்திருக்கிற நேரம் ஆகியும் அந்தப் பாட்டு முடியவில்லை. ஒரு சமயம் கோயிலில் கேட்கிற மாதிரி இருக்கும், ஒரு சமயம் மில்லில் கேட்கிற மாதிரி இருக்கும். எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் சத்தம் வந்துகொண்டிருந்தது. சத்தம் இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை.

திடீரென்று எல்லாம் நின்றது. மேடையில் இருந்த ஐந்து பேரும் ஒரே அடியில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் அசையவில்லை. கூட்டமும் அசையவில்லை. முதல் மூச்சு போனது. யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. முதலாளி செத்து எத்தனையோ வருஷம் ஆகியும், கடைசி வரிசையில் ஒரு துண்டு மேலே எழும்பினது சத்தியமாக என் கண்ணுக்குத் தெரிந்தது.

சுண்டுவிரல் குமிழைத் தள்ளியது. கெட்டிமேளம் மண்டபமே அதிர வந்தது.

கெட்டிமேளம் கேட்டால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். எழுந்து சாப்பிடப் போவார்கள். பெரியவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஒரு அம்மா அட்சதைக்காகக் கையைக்கூட நீட்டினார். கூட்டத்தில் இருந்த காலேஜ் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜோயல் கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஹவில்தார் வாட்சைப் பார்த்தார், எழுந்தார், வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு விறுவிறுவென்று நடந்துவிட்டார். நான் குமிழைக் கீழே இறக்கக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் களேபரத்தில் செல்வம் மறுபடி வாசிக்கத் தொடங்கினான். மற்றவர்கள் தட்டுத் தடுமாறி அவனோடு வந்து சேர்ந்தார்கள். அப்போதுதான் எனக்குப் பாட்டு முடியவில்லை என்பது உறைத்தது. பின்பாதியை அவன் எப்படி வாசித்தான் என்று கேட்காதீர்கள். மேடையைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

முடிந்ததும் அவன் நேரே என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "அப்பா எங்கண்ணே?" என்று மட்டும் கேட்டான். போய்விட்டார் என்றேன். அவன் மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவனே போன் செய்து, அப்பா சொன்னதைச் சொன்னான். "வந்தேன், உக்காந்தேன், கேட்டேன். அந்தக் கெட்டிமேளம் ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது. நான் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன்லே, இனி நீ காப்பாத்து" என்றாராம். ஜோயல் பத்து நாள்தான் காத்திருப்பானாம். அதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம்.

என் கையில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கல்யாண வீட்டார் பின்னால் கேட்பார்கள் என்று எல்லா நிகழ்ச்சியையும் பதிவு செய்வது என் வழக்கம். இதையும் செய்திருந்தேன். வத்திராயிருப்புக்குப் போய் ஹவில்தாருக்குப் பின்பாதியைப் போட்டுக்காட்டுகிறேன் என்றேன். "நீங்களா?" என்றான் செல்வம். அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் எனக்கும் புரிந்தது.

போட்டுக்காட்டுவதென்றால் எனக்கு முதலில் புரிய வேண்டுமே. வீட்டில் போட்டுக் கேட்டேன். கிரைண்டரில் கல் விழுந்துவிட்டதோ என்று என் மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். செல்வத்திடம் கேட்டதற்கு, அவன் குருவாக நினைக்கிற ஒரு சுவீடன்காரரின் டிரம்ஸைக் கேட்கச் சொன்னான். அந்த சுவீடன்காரர் இரண்டு குழுவில் வாசிக்கிறார். இரண்டாவது குழுவின் கீபோர்டுக்காரர் நார்வேயில் தனியாக ஒரு குழு வைத்திருக்கிறார். அதில் பாடுகிற பெண்ணுக்கு இங்கிலாந்தில் இன்னொரு குழு. பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு என்று விசாரித்துக்கொண்டே போனால் கடைசியில் எல்லோரும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவது நம் ஊருக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஸ்டுடியோவில் செய்த பாட்டுகள் எனக்கு ஒட்டவில்லை. எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தன. மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்த பாட்டுகளைக் கேட்டபோதுதான் வழி தெரிந்தது. அதில் மைக் ஒன்று லேசாகக் கூவும், யாரோ தடுக்கி வயரை இழுப்பார், பாடுகிறவர் மைக்கை விட்டு விலகிப் போவார். அங்கேயும் என்னைப் போல் ஒருத்தன் குமிழ்களுக்கு முன்னால் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்குப் பாட்டே பிடித்துப்போனது. எல்லாப் பாட்டிலும் அந்த ஆபரேட்டரைத்தான் முதலில் தேடுவேன். எத்தனையோ பாட்டில் நடுவில் சத்தம் நிற்கிற இடம் இருந்தது. ஒரு ஆபரேட்டரும் கெட்டிமேளம் போடவில்லை.

தாளத்தையும் கொஞ்சம் பிடித்தேன். செல்வத்தின் பாட்டு ஏழு ஏழாகப் போகிறது. நம் தவில்காரர்கள் தகிட தகதிமி என்று வாசிக்கிற அதே ஏழுதான். இத்தனை வருஷம் அவர்களுக்கு மைக் வைத்தும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. பத்து நாளில் பாதி இதிலேயே போனது. கண்ணனை விட்டுப் பதிவிலிருந்து கெட்டிமேளத்தை அழிக்கச் சொன்னேன். அந்த இடம் இப்போது சுத்தமான மௌனமாக இருந்தது.

சின்ன ஸ்பீக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் போனேன். ஹவில்தார் வீட்டு முன்னால் தேங்காய் காயப்போடுகிற களத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மீசையைத் தடவினார்.

"கெட்டிமேளம் போட்டது நீங்கதான?"

"நான்தான்."

"வாங்க, உக்காருங்க. இங்க யாருக்குக் கல்யாணம்?"

எனக்கு இது வேண்டியதுதான். வந்த விஷயத்தைச் சொன்னேன். பாட்டு பாதியிலே நின்றது என் வேலை என்றும், மீதியையும் கேட்டால்தான் அவர் கொடுத்த வாக்கு முழுசாகும் என்றும் சொன்னேன். வாக்கு என்றதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பெட்டியைப் போட்டேன். பட்டாளத்து ஆள் அல்லவா, சத்தம் கேட்டதும் கால் தானாக இடது வலது என்று தட்ட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் முகம் சுளித்தார். நிறுத்தச் சொன்னார்.

"ஸ்டெப்பு மாறுது. இதுல ஒரு பட்டாளம் நடக்க முடியுமா?"

"உங்க மகன் ஏழு ஏழாப் போடுதான் ஹவில்தார். ஒருக்க இடது காலுல ஆரம்பிச்சா, அடுத்த சுத்து வலது காலுல ஆரம்பிக்கும். பொறவு மறுபடி இடது."

அவர் என்னை நம்பவில்லை. எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "போடுங்க" என்றார். களத்தின் ஒரு ஓரத்திலிருந்து வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தார். முதல் தடவை காய்ந்த தேங்காயில் இடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை நடை வசப்பட்டது. அவர் மனைவி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்த இடம் வந்தது. பாட்டு நின்றது. ஹவில்தாரும் நின்றார். தென்னை ஓலைச் சத்தமும் எங்கோ ஓடுகிற மோட்டார் சத்தமும் மட்டும் கேட்டன. என் சுண்டுவிரல் துடித்ததால் அதன்மேல் மற்ற கையை வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"முடிஞ்சிருச்சா?"

"முடியல. செத்த நேரம் பொறுங்க."

டிரம்ஸ் வந்தது. ஹவில்தார் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். எனக்கு அன்றைக்குத்தான் பின்பாதி ஒழுங்காகக் காதில் விழுந்தது. அந்தப் பையன் கை அப்படிப் பேசியது. பெட்டி நின்றதும் ஹவில்தார் அதன் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதுல உங்க கெட்டிமேளத்தக் காணும்."

"அழிச்சுட்டேன். கேக்க நல்லாருக்காதே."

"அழிக்காதது இருக்கா?"

இருந்தது. பெட்டியோடு இணைத்திருந்த என் போனிலேயே இருந்தது. பட்ட அவமானம் போதாதா, அதை இந்த ஆள் தன் வீட்டிலேயே வைத்துக் கேட்டுச் சிரிக்க வேண்டுமா என்று நினைத்தேன். ஆனாலும் போட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. இந்தத் தடவை நடக்காமல் நின்ற இடத்திலேயே கால் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது. அவர் கால் நிற்கவில்லை. கெட்டிமேளம் வெடித்தது. நாதஸ்வரம் ஒரு பக்கம் இழுக்கிறது, தவில் வேறு கணக்கில் பொரிகிறது, ஜனங்கள் சிரிக்கிறார்கள், நாற்காலிகள் இழுபடுகின்றன. ஹவில்தார் கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே கால் போட்டார். "அஞ்சு, ஆறு, ஏழு" என்றார். அடுத்த ஒன்றில், அவர் இடது கால் தரையில் பட்ட அதே நேரத்தில், என் கெட்டிமேளத்தின் தலையில் செல்வத்தின் முதல் அடி விழுந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு நிற்கிற அந்த இடமும் ஏழு ஏழாக எண்ணுகிற கணக்குக்குள்தான் இருந்தது; இத்தனை நாள் கேட்டும் அது எனக்குத் தெரியவில்லை. ஜோயல் சிரித்து விழுந்துவிட்டான், மற்றவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள், நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அத்தனை கூத்திலும் அந்த ஒருத்தன் மட்டும் மனசுக்குள் எண்ணிக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறான்.

"இன்னொருக்கப் போடுங்க" என்றார் ஹவில்தார். போட்டேன். மறுபடியும் இடது காலில் சரியாக வந்து விழுந்தது.

"அம்புட்டுப் பேரு சிரிக்கையிலயும் அவன் கையக் கால அசைக்கலையா?"

"தலையக்கூட நிமித்தல."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "ஏட்டி" என்று மனைவியைக் கூப்பிட்டார். "அவனுக்குப் போனப் போடு. பெங்களூருக்கு என்னைக்குப் போகணுமாம்னு கேளு." பிறகு என்னிடம், "சாப்பிட்டுட்டுத்தான் போகணும். கெட்டிமேளம் போட்டாச்சுல்ல" என்றார்.

செல்வம் போன பிறகு நான் செட்டைக் கண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஓய்வு பெற்றேன் என்று இதைத்தான் சொல்கிறேன். ஹவில்தாருக்கும் எனக்கும் பழக்கம் விடவில்லை. சுவீடன், நார்வே, இங்கிலாந்து என்று சொந்தம் விசாரித்து நான் கண்டுபிடிக்கிற மேடைப் பதிவுகளை எல்லாம் வத்திராயிருப்புக்கு அனுப்பிவைப்பேன். அவர் நடந்து பார்த்துவிட்டு, நடக்கலாம், நடக்க முடியாது என்று ஒரு வரியில் தீர்ப்பு அனுப்புவார்.

போன மாதம் செல்வத்தின் குழு பெங்களூரில் ஒரு பெரிய மேடையில் வாசித்ததன் பதிவு வந்தது. நான் கேட்காமல் வைத்திருந்து பஸ் ஏறிப் போனேன். களத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டோம். அதே பாட்டையும் வாசித்திருந்தார்கள். நடுவில் அந்த இடம் நெருங்கியபோது, ஹவில்தார் பாட்டிலிருந்து கவனத்தை எடுக்காமலே கையை நீட்டி என் வலது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஹவில்தார்?"

"பேசாதீங்க. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

செல்வத்தின் டிரம்ஸ் வந்து சேருகிறவரை அவர் விரலை விடவில்லை.